அவர்களுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள்?

வெளியுறவுப் பணியில் புதிதாகச் சேர்ந்து, சென்ற மாதம் மாவட்டப் பயிற்சிக்காக நாமக்கல் வந்த உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கும் வந்தீர்கள். "உங்க சர்வீஸ்ல நீங்க ரொம்பப் பயந்த நாள் எது மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். போண்டாத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பேச்சை மாற்றினேன். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீங்கள் போன பிறகு, சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் ஆட்சிக் கவிழ்ப்பு, குண்டுவெடிப்பு என்று ஏதாவது எதிர்பார்த்திருக்கலாம். அதெல்லாம் தூரத்தில் பார்த்திருக்கிறேன். என்னை உண்மையில் நடுங்க வைத்தது, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு கடிதம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராசிபுரம் பக்கத்தில் காடு வைத்து விவசாயம் பார்த்தவர் மகள் நான். வெளியுறவுத் துறையில் உதவியாளராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள். அந்தச் சம்பவம் நடந்தபோது ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், நம் தூதரகத்தில் தூதருக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். நாட்டின் பெயர் வேண்டாம். தூதரின் பெயரும் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். நேரடித் தேர்வில் வந்தவர். கெட்டிக்காரர்தான், ஆனால் ஜனங்களோடு பழகியது போதாது என்று மனதுக்குள் அவருக்கு ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருந்தேன். ஊர், பேச்சு, சனம் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

அது ஒரு சனிக்கிழமை. தூதரகத்துக்கு விடுமுறை. அவசர வேலைகளைக் கவனிக்கும் முறை அன்று என்னுடையது. காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஒருவர் கத்திக்கொண்டிருப்பதாகக் காவலாளி சொன்னார். கத்தியது நம் பக்கத்துத் தமிழ்.

திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு முதலாளி. நம் பக்கத்து ரிக் வண்டிகள் வடநாட்டுக்குப் போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. அங்கே அரசாங்கம் ஊர் ஊராகக் குடிதண்ணீருக்குக் கிணறு போட ஒப்பந்தம் கொடுக்கிறது. இவரிடம் ஒரு வண்டி, நான்கு ஆட்கள். வடக்கே நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமத்தில் வியாழக்கிழமை வேலை முடிந்து வண்டி கிளம்பும் நேரத்தில் ஊர்க்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"ரோட்டுல முள்ளு மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க மேடம். கையில கத்தி. வண்டிச் சாவியப் புடுங்கிக்கிட்டாங்க. ரெண்டு நாளாச்சு. ஆளுங்க போனெல்லாம் ஆஃப். என்ன ஆனாங்கன்னே தெரியலைங்க" என்றார். உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நடிப்பு இல்லை, அவர் உண்மையிலேயே பயந்திருந்தார்.

அவர் எதிரில் இருக்கும்போதே அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தது. பின்னணியில் ஆயிரக்கணக்கான கோழிகளின் சத்தம். நாமக்கல்காரிக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லித்தரவேண்டுமா? ஏதோ கோழிப் பண்ணையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் செல்வி. சேந்தமங்கலம். நான்கு பேரில் மூத்தவரான டிரில்லர் பழனிசாமியின் மனைவி.

"மேடம், எங்கூட்டுக்காரரப் புடிச்சு வெச்சிருக்காங்களாமுங்க. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

அவள் ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ பயந்துகொண்டேதான் அழைத்திருப்பாள். நான் அவள் பேச்சிலேயே பதில் சொன்னேன். "நான் ராசிபுரத்துக்காரிதானுங்க. பயப்படாதீங்க. நாளைக்குப் பொழுது உழுகறதுக்குள்ள அவர வெளிய கொண்டாந்துருவோம்."

மறுமுனையில் அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "நல்லாருப்பீங்க அம்மணி" என்றாள். மேடம் ஒரு நிமிடத்தில் அம்மணி ஆகிவிட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அன்றைய முதல் தவறு அதுதான். என் கையில் இல்லாத ஒன்றை வாக்குக் கொடுத்தேன். கொடுத்த திருப்தியில், அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போனை வைத்தேன்.

இரண்டாவது தவறு அடுத்த அரை மணி நேரத்தில். அந்த மாகாண ஆளுநரை எனக்கு விருந்துகளில் பழக்கம். அழைத்தேன். 'நான்கு இந்தியர்களை ஆயுதம் தாங்கிய கும்பல் பிணைக்கைதிகளாக வைத்திருக்கிறது, உடனே படை அனுப்பி மீட்க வேண்டும்' என்றேன். எழுத்தில் வேண்டும் என்றார். அதே வாசகத்தைத் தூதரகத்தின் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆளுநர் சுறுசுறுப்பானவர். பத்து மணிக்குப் பதில் வந்துவிட்டது. பிற்பகல் இரண்டுக்குப் படை முகாமிலிருந்து லாரி கிளம்பும், மூன்றுக்குள் கிராமத்தில் இருக்கும், எதிர்த்தால் சுடவும் அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கடைசி வரியைப் படித்து எனக்குப் பயம் வரவில்லை. வேலை நடக்கிறது என்று நிம்மதிதான் வந்தது. ரிக் முதலாளி எழுந்து கும்பிட்டார்.

பத்தரைக்குத் தூதர் வந்தார். கடிதத்தின் நகலை அவர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பாராட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"அவர்களுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "சார்?"

"இரண்டு நாளாயிற்று. நான்கு பேர். காட்டுக்குள் கிராமம். கடை இருக்காது. யாராவது சமைத்துப் போட்டால்தான் சாப்பிட முடியும். யார் போடுகிறார்கள்?"

தெரியாது என்றேன்.

"நீங்கள் அவர்களோடு பேசினீர்களா?"

"போன் எல்லாம் அணைந்திருக்கிறதாம்."

"யார் சொன்னது?"

"முதலாளி."

அவர் குரலை உயர்த்தவில்லை. கடிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இதில் 'பிணைக்கைதி' என்று இருக்கிறது. 'கும்பல்' என்று இருக்கிறது. இரண்டும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேறு யாரும் இல்லையா?"

அப்போதுதான் செல்வி நினைவுக்கு வந்தாள். என் முறைப் பதிவேட்டில் அவள் எண் இருந்தது; ரிக் முதலாளி உட்கார்ந்திருந்த என் அறைக்குத் தூதரோடு போனேன். அழைத்தேன்.

"செல்வி, உங்க ஊட்டுக்காரர் கடைசியா எப்பப் பேசினாருங்க?"

"இன்னைக்குக் காலையிலதானுங்க அம்மணி. ஏதோ ஒரு நம்பர்ல இருந்து கூப்புட்டாரு."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலைங்களே" என்றாள் அவள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"என்ன சொன்னாரு?"

"சாப்புட்டீங்களான்னு கேட்டனுங்க. ஆச்சு, கோழி அடிச்சுப் போட்டாங்கன்னாரு. என்னையச் சமாதானம் பண்றக்கு அப்படிச் சொல்றாருன்னு நெனச்சுட்டேன்."

தூதரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

செல்வி கொடுத்த எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. "பழனிசாமி" என்று நாலைந்து முறை சொன்னேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு, "அலோ?"

தூதரகத்திலிருந்து பேசுகிறேன் என்றதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க போன்லதான் சார்ஜ் தீந்துபோச்சுங்க. எங்கள ஆரும் அடிக்கலைங்க. லாரிய மட்டும் உட மாட்டேங்கறாங்க. அவங்க மேலயும் தப்புச் சொல்ல முடியாதுங்க அம்மணி."

நடந்ததை அவர் சொன்னார். அறுநூறு அடி போட்டும் வெறும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. ஒப்பந்தப்படி அத்தனை அடிதான். முதலாளி போனில், துளையிடும் ராடுகளைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார். அந்த ஊருக்கு இதற்கு முன் வந்த இரண்டு வண்டிகளும் இதே மாதிரி துளையைப் போட்டு மூடிவிட்டுப் போனவை. இந்த வண்டி நகரத் தொடங்கியதும் பெண்கள் வந்து சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"வேற எடத்துல இன்னொரு பாயிண்ட் போட்டுப் பாக்கலாம்னு நானே மொதலாளிகிட்டச் சொன்னனுங்க. அவரு வேண்டாம்னுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, இன்னொண்ணு. பட்டாளம் வருதுன்னு இங்க ஆரோ சேதி கொண்டாந்துட்டாங்க. அப்ப இருந்து ஆம்பளைங்க எல்லாம் முள்ளு மரத்துகிட்டப் போய் நிக்கறாங்க. எனக்கு இப்பத்தானுங்க பயமா இருக்குது."

அந்தப் பட்டாளத்தை அனுப்பியது நான். நீங்கள் கேட்ட பயம் அந்த நொடியில் வந்தது. இரண்டு நாளாகக் கோழி அடித்துச் சோறு போட்ட ஊரும், சுட அனுமதி பெற்ற படையும் நேருக்கு நேர் நிற்கப் போகின்றன. நடுவில் நான்கு பேர். எல்லாம் என் ஒரு கையெழுத்தில்.

கேட்டதைத் தூதரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் ஆளுநரை அழைத்தேன். அவர் மலைப்பகுதிக்குச் சுற்றுப்பயணம் போய்விட்டார். அங்கே போன் எடுக்காது. படையைத் திருப்ப அவர் ஒருவரால்தான் முடியும் என்றார் அவருடைய செயலாளர்.

"நான் இங்கே உட்கார்ந்து அவரைப் பிடிக்கிறேன்" என்றார் தூதர். "நீங்கள் கிளம்புங்கள். கடிதம் உங்களுடையது. அதைத் தவறென்று நேரில் சொல்ல உங்களால்தான் முடியும். போவதற்கு முன் அந்த ஊரில் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று யோசியுங்கள்."

யோசித்தேன். போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. "பழனிசாமி, டீசல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"இன்னொரு பாயிண்ட் சொன்னீங்களே, அதை இப்பவே ஆரம்பிக்க முடியுமா? சாவிய அவங்க குடுப்பாங்களா?"

அவர் தயங்கினார். "போடறதுக்குன்னா குடுப்பாங்க. ஆனா தண்ணி வருமான்னு ஆருங்க சொல்றது?"

"வராட்டியும் பரவால்ல. பட்டாளம் வரும்போது வண்டி ஓடிக்கிட்டு இருக்கோணும்."

அவருக்கு உடனே புரிந்தது. "அந்தச் சத்தங் கேட்டாலே சனம் உக்காந்துக்கும்" என்றார். "ஆனா மொதலாளி?"

முதலாளி எதிரில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு அடுத்த ஊர்ல தேதி குடுத்திருக்குதுங்களே" என்று முனகினார். "உங்க ஆளுங்க முழுசா அடுத்த ஊருக்குப் போகோணும்னா, மொதல்ல இந்த ஊர்ல வண்டி ஓடோணும்" என்று போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, "பழனி, அம்மா சொல்றபடி செய்யி" என்றார்.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். வண்டி ஓட்டியவர் ஜோசப். எங்கள் தூதரகத்தின் உள்ளூர் ஊழியர், அந்த வடக்கு மொழி தெரிந்தவர். பாதையெல்லாம் செம்மண். ஜோசப் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேனா என்று தெரியவில்லை. எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் காட்டில் மூன்றாவது போர்வெல் போட்டார்கள். அதுவும் புழுதிதான். வண்டிக்காரர் ராடுகளைக் கழற்ற ஆரம்பித்ததும், வெளி ஆளோடு அதிகம் பேசாத என் அம்மா முன்னால் போய் நின்று, "இன்னும் ஒரே ஒரு ராடு எறக்கிப் பாருங்க சாமி" என்று கேட்டாள். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் மீது தப்பில்லை, அவருக்கு அடுத்த ஊர். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படி ஒரு அம்மாவுக்குப் பிறந்தவள் நான். 'ரிக் வண்டியை ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள்' என்று கேட்டதும் ஏன் மறித்தார்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். நான் எழுதியது 'கும்பல்' என்று. முத்திரைத் தாளில் எழுதும்போது நம்மை அறியாமல் அந்தத் தாளின் குரல் நமக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கும் வரும். கவனமாக இருங்கள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிராமத்து எல்லையை அடைந்தோம். எங்களுக்கு முன்பே படை வந்துவிட்டது. பச்சை லாரி குறுக்கே நின்றது. பத்துப் பன்னிரண்டு வீரர்கள் இறங்கி வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரில் வெட்டிப் போட்ட முள் மரங்கள். அதற்கு அந்தப் பக்கம் ஆண்கள். கையில் இருந்தவை காட்டு வேலைக்கான கத்திகள்தான். ஆனாலும் கத்தி கத்திதான்.

வண்டியிலிருந்து இறங்கினேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஊருக்குப் பின்னாலிருந்து, ரிக் வண்டியின் காது அடைக்கும் கம்ப்ரஸர் இரைச்சல். மரங்களுக்கு மேலே வெள்ளைப் புழுதி எழும்பி நின்றது. எங்கள் ஊரில் கோடை வந்தால் தினமும் கேட்கும் சத்தம். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது அன்று ஒரு நாள்தான்.

படைக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இளம் கேப்டன். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் கடிதம்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"பிணைக்கைதிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சத்தம் என்ன?"

"அவர்கள் வேலை செய்கிறார்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். கடிதம் தவறு" என்றேன். அத்தனை வீரர்களுக்கு முன்னால் அந்த இரண்டு சொற்களை வெளியே கொண்டுவருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. சொல்லி முடித்ததும் ஆச்சரியமாக மனம் லேசானது. அதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?"

"என்னோடு வந்து பாருங்கள்."

கேப்டன் யோசித்தார். எனக்கு உத்தரவு இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதை மறுக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் தன் துப்பாக்கியைப் பக்கத்து வீரரிடம் கொடுத்தார். மற்றவர்களை லாரிக்குப் பின்னால் போகச் சொன்னார். "நடங்கள்" என்றார் என்னிடம்.

ஜோசப் முன்னால் போய் முள் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் பேசினார். ஆண்கள் வழி விட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஊர் நிர்வாகத்தைப் பார்ப்பவள், பெயர் மரியம். காலையில் போனை எடுத்த குரல் அவளுடையது.

"ராணுவத்தை அனுப்பியது நீங்களா என்று கேட்கிறார்" என்றார் ஜோசப்.

ஆமாம் என்றேன்.

அவள் மெதுவாகப் பேசினாள். ஜோசப் சொன்னார்: "எங்கள் பிள்ளைகள் தண்ணீருக்கு நடக்கும் தூரத்தை நீங்கள் நடந்து பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம் என்கிறார். எங்களுக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம் என்கிறார்."

'எங்க அம்மாவும் இப்படிக் கேட்டிருக்கிறாள்' என்று அவளிடம் சொன்னேன். ஜோசப் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அவள் என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

ஊரே அங்கே தரையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் ரிக் வண்டி. உடம்பெல்லாம் மாவில் புரட்டி எடுத்தவர்போல ஒருவர் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற மூன்று பேர் ராடு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் இடுப்பில் கை வைத்து அந்தக் காட்சியைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மணி தாண்டி அவருடைய வயர்லெஸ் பேசியது. தூதர் எப்படியோ ஆளுநரைப் பிடித்திருந்தார். படை திரும்பலாம். கேப்டன் என்னோடு கை குலுக்கினார். முள் மரங்களை ஊர்க்காரர்களே இழுத்துப் போட்டார்கள். வீரர்கள் இரண்டு பேர் அதற்கு உதவியும் செய்தார்கள்.

பாதை திறந்துவிட்டது. நான் பழனிசாமியிடம் போய் இரைச்சலுக்கு மேலே கத்தினேன். "வாங்க, கிளம்பலாம்! கார்ல எடம் இருக்குது!"

அவர் எஞ்சினைக் குறைத்தார். "எங்கீங்க?"

"தலைநகருக்கு. உங்கள உட்டுட்டாங்க."

"இப்பங்களா?" என்று குழப்பமாகப் பார்த்தார். "இருநூறு அடிதானுங்க ஆயிருக்குது. பாறை மாறிட்டு வருது. இப்ப எப்படிங்க வாரது?"

மற்ற மூன்று பேரையும் பார்த்தேன். இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள், ஒருவர் ஆத்தூர்க்காரர். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அத்தனை பாடுபட்டு விடுவிக்க வந்தால், வரமாட்டோம் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, செல்விக்குக் கொடுத்த வாக்கும் ஞாபகம் வந்தது. மரியத்தின் போனை வாங்கி அழைத்தேன்.

"செல்வி, பட்டாளமெல்லாம் திரும்பிப் போயிடுச்சுங்க. வழி உட்டுட்டாங்க. ஆனா உங்க ஊட்டுக்காரர் வர மாட்டேங்கறாரு. தண்ணி பாத்துட்டுத்தான் வருவாராம்."

அவள் சிரித்துவிட்டாள். "அந்த மனுசன் ஊட்டுலயும் அப்படித்தானுங்க. தொட்ட வேலைய முடிக்காமச் சோறு எறங்காது." சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அம்மணி, நீங்க கண்ணால பாத்தீங்களா? நெசமா நல்லாருக்காருங்களா?"

"என் முன்னாலதான் நிக்கறாரு. தலையெல்லாம் வெள்ளப் புழுதி. வேற ஒண்ணுமில்லைங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். போனைப் பழனிசாமியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனேன். வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ஒரு குழந்தை என்னை வேடிக்கை பார்த்தது. மரியம் ஒரு கிண்ணத்தில் கஞ்சி மாதிரி ஏதோ கொண்டுவந்து கையில் வைத்தாள். குடித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்கு மேல் அழைப்பு வந்தது. ஒரே கூச்சல், கைதட்டல், பாட்டு. நடுவில் பழனிசாமி கத்தினார். "அம்மணி! நானூத்திப் பத்துல ஈரங் காட்டுச்சுங்க. இன்னும் ரெண்டு ராடு எறக்குனோம். முக்கா இஞ்ச்சுத் தண்ணி! பெருசா ஒண்ணுமில்லைங்க, ஆனா கை பம்புக்குப் போதும்!"

நம் ஊரில் முக்கால் இஞ்சு என்றால் ஊற்று போதாது என்று முகத்தைச் சுளிப்பார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

இதை வாசித்துவிட்டு, எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். ஆம். ஆனால் நல்லபடியாக முடிந்ததில் என் பங்கு மிகவும் குறைவு. தூதர் ஒரு கேள்வி கேட்டார். கேப்டன் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்தார். மரியம் என் முழங்கையைப் பிடித்தாள். இவர்களில் ஒருவர் வேறு மாதிரி நடந்திருந்தாலும் இன்று இதை எழுத எனக்குக் கை வராது. நீங்கள் போகும் ஊர்களில் உங்களிடம் ஓடி வருபவர்கள் எல்லோரும் பயத்தோடுதான் வருவார்கள். அவர்கள் பயம் நிஜம். அவர்கள் சொல்லும் செய்தி நிஜமா என்பது வேறு விஷயம். தைரியம் சொல்லுங்கள். ஆனால் தைரியம் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். எப்போது பேசினார், எந்த எண்ணிலிருந்து, என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். சின்னக் கேள்விகளாக இருப்பதால் நமக்கு அவற்றைக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை தில்லிக்கு அறிக்கை எழுதினேன். 'நான்கு இந்தியர்களும் பத்திரமாக மீட்கப்பட்டனர்' என்று முடித்திருந்தேன். தூதர் படித்துவிட்டு 'மீட்கப்பட்டனர்' என்பதை அடித்தார். 'வேலையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டனர்' என்று மேலே எழுதினார். திருத்திய பக்கத்தைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

"என் முதல் கடிதத்தின் நகலையும் இதோடு இணைத்து அனுப்புகிறேன் சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கட்டாயமில்லை. நான் கேட்கப்போவதில்லை."

"இருக்கட்டும் சார். நாளை இந்த நாற்காலிக்கு வருகிறவர் கோப்பைப் புரட்டும்போது பார்க்கட்டும்."

அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். இணைப்பு ஒன்று என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய், ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்று நாளில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.